பற்றாத கரி

கரி பற்றவில்லை என்றதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். மொட்டை மாடியில் மீன் சுட நாலு பேர் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் கீழே போய் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலோ, பழைய கேனில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெயோ எடுத்து வந்து ஊற்றுவார். குப்பென்று ஆளுயரத்துக்குத் தீ எழும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். கரி முன்பு கிடந்தபடியே கறுப்பாகக் கிடக்கும். மறுபடியும் ஊற்றுவார்.

அந்தக் கேனை யாரும் மாடிக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்காகவே இந்த அத்தியாயம். பற்றாத கரிக்கு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. கரி ஈரமாக இருக்கும், அல்லது அதன் அடியில் காற்றோட்டம் இருக்காது. இரண்டும் சரியாக இருந்தால், அது கனியும் முன்பே நாம் கலைத்திருப்போம். இந்த மூன்றுக்கு வெளியே காரணம் தேட வேண்டிய நிலை அநேகமாக வராது.

எண்ணூரை அடுத்த நம் அத்திப்பட்டில் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் விழ வேண்டும். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறும் எண்ணூர் கழிமுகமும், இன்னொரு பக்கம் உப்பளங்கள், கிழக்கே கடல். கரி நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சாக்கு மூட்டையாகச் சிமெண்டுத் தரையில் கிடந்த கரியைத் தொட்டுப் பார்த்தால் கைக்கு ஈரம் தெரியாது, ஆனால் ஈரம் உள்ளே இருக்கும். ஒரு கிலோ கரியில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தால் அது 100 மில்லி, அதாவது அரை டம்ளர் தண்ணீர். அது முழுக்க ஆவியாகிப் போகும்வரை அந்தக் கரித்துண்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கரி பற்றவோ 300 டிகிரிக்கு மேல் வேண்டும். கீழே நீங்கள் கொளுத்தும் காகிதமெல்லாம் அந்த அரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். நன்றாகக் காய்ந்த கரி சில்லென்று கண்ணாடிச் சத்தம் கொடுக்கும். ஈரக்கரி டொக்கென்று மண் சத்தம் கொடுக்கும். அடுத்து ஒரு துண்டை உடைத்து உள்ளே பாருங்கள். முழுக்கக் கறுத்துப் பளபளவென்று இருந்தால் வெந்த கரி. நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி விறகு. பற்றும், ஆனால் கண்ணைத் திறக்க விடாமல் புகையும், மீனிலும் அந்தப் புகை நாற்றம் ஏறும்.

நம் பக்கத்து விறகு தொட்டிகளில் கிடைக்கும் கரியில் பெரும்பங்கு சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுத்து லாரியில் அனுப்புகிறார்கள். விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, மேலே மண்ணைப் பூசி மூடி, உள்ளே காற்று குறைவாகப் போகும்படி நாட்கணக்கில் வேகவிடுவார்கள். பிரிக்கும்போது உள்ளே கனன்றுகொண்டிருப்பதைத் தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். வெயிலில் சரியாக உலர்த்தாமல் அதைச் சாக்கில் அள்ளினால், உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கரி ஈரம்தான். அதனால் தொட்டியில் கேட்டு வாங்குங்கள். “அண்ணே, அடிச் சாக்கு வேணாம், மேல இருக்கறதுல குடுங்க, தூள் இல்லாம பொறுக்கிப் போடுங்க” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இஸ்திரி வண்டிக்காரர்கள் அப்படிக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கருவேலங்கரி கனமானது. மெதுவாகப் பற்றும், பற்றினால் நெடுநேரம் நிற்கும். சவுக்குக் கரி லேசானது. சட்டென்று பிடித்து, சட்டென்று சாம்பலாகும். இரண்டும் கிடைத்தால் சவுக்கை அடியில் போட்டு மூட்டி, கருவேலத்தை மேலே அடுக்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பிரிக்கெட் வேறு வகை. கரித்தூளை மாவுப்பசையோடு அழுத்திச் செய்த கட்டி அது. அமெரிக்காவில் 1920களில் மர ஆலைக் கழிவிலிருந்து அதைப் பெருமளவில் செய்து விற்றது போர்டு கார் நிறுவனம். மறைமலை நகரில் கார் செய்து இங்கே எண்ணூர் துறைமுகம் வழியாகக் கப்பலேற்றிய அதே போர்டுதான். பிரிக்கெட் ஈரத்தில் ஊறினால் உதிர்ந்துபோகும், அதைக் காயவைத்து மீட்க முடியாது. மரக்கரியை மீட்கலாம்.

மீட்பதற்கு வெயிலே போதும். காலை பத்து மணிக்கு ஒரு தகரத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மதியம் ஒருமுறை புரட்டி, சூடு ஆறும் முன்பே மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்று இரண்டு மூன்று சமையலுக்கான கரியைத் தாங்கும். அதைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அத்திப்பட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் செப்பாக்கம் சாம்பல் குளத்துப் பக்கமிருந்து காற்றில் தூசி கிளம்பும் நாளில் கரியைத் திறந்து உலர்த்தாதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். அது கரியின் துளைகளை அடைக்கும், சமைக்கும் கம்பி வலையிலும் படியும். அந்த நாளில் வெளியே மீன் சுடுவதையும் தள்ளிப்போடலாம். இந்த ஊர் மக்கள் வருஷம் முழுக்க அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள், சாப்பாட்டிலும் அது சேர வேண்டாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை படிந்தது. அப்படி எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நனைந்த கரியை, கரையொதுங்கிய மரத்தை, எவ்வளவு காயவைத்தாலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

மூட்டுவது

நார், கொட்டாங்குச்சி, கரி. நம் வீடுகளில் இந்த மூன்று இருந்தால் கடையில் விற்கும் பற்றவைப்பான் எதுவும் தேவையில்லை.

அடுப்பின் அடியில் இருக்கும் சாம்பலை முதலில் முழுக்கக் கொட்டுங்கள். பழைய சாம்பல்தான் காற்று வழியை அடைக்கும் முதல் எதிரி. காற்று ஓட்டைகள் கடற்காற்று வரும் திசையைப் பார்க்கும்படி அடுப்பைத் திருப்புங்கள். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து வரும். ஆனி, ஆடியில் பகலெல்லாம் மேல்காற்று அடித்து, கடற்காற்று தாமதமாகத்தான் திரும்பும். மழைக்காலத்தில் வாடை. ஒரு கைப்பிடிச் சாம்பலைத் தூவிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு பிடி தேங்காய் நாரைப் பிரித்துக் கூடு போல வையுங்கள். அழுத்தாதீர்கள். அதன் மேல் கொட்டாங்குச்சியை உடைத்த ஏழெட்டுத் துண்டுகளைக் குழிப்பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து நிறுத்துங்கள். அதைச் சுற்றியும் மேலேயும் விரல் பருமனுள்ள சின்னக் கரித்துண்டுகள். அதற்கும் மேல் எலுமிச்சை அளவுத் துண்டுகள். முட்டியளவு பெரிய துண்டு எதுவும் இப்போது வேண்டாம். எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கோபுரமாக நிற்க வேண்டும், இடுக்குகள் தெரிய வேண்டும். காற்று வரும் பக்கம் அடியில் நாரில் நெருப்பு வையுங்கள். நார் நமுத்திருந்தால் ஒரு வில்லை கற்பூரம் போதும். சமைக்கும் நேரத்துக்குள் அது எரிந்து தீர்ந்துவிடும். தீப்பெட்டியின் பக்கவாட்டு மருந்தே உப்புக் காற்றில் நமுத்துப் போகிற ஊர் இது, அதனால் பெட்டியையும் கரி வாளிக்குள்ளேயே போட்டு வைப்பது நல்லது.

நார் எரிந்து கொட்டாங்குச்சிக்குத் தாவும். கொட்டாங்குச்சியின் தீ மஞ்சளாக, உயரமாக, கொஞ்சம் கரும்புகையோடு இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் அவசரப்பட்டு விசிறுகிறார்கள். விசிற வேண்டாம். சுடர் எரியும்போது விசிறினால் சூட்டைத்தான் பறக்கவிடுகிறோம். ஏழெட்டு நிமிடத்தில் சுடர் தணியும். அப்போது குனிந்து அடி இடுக்கில் பாருங்கள். கரியின் ஓரங்களில் சிவப்புக் கோடு ஓடியிருக்கும், அதன் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும். இனிமேல் விசிறலாம், அதுவும் மேலிருந்து அல்ல, அடி ஓட்டைக்கு நேராக. மெரினாவில் சோளம் சுடுகிறவர்கள் கையால் சுற்றும் காற்றுப்பெட்டியின் வாயை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள், கங்குக்குக் கீழேதான். மேலிருந்து வீசும் காற்று பூத்த சாம்பலை முகத்தில் அடிக்கும், கங்கைக் குளிர்விக்கும்.

சின்னத் துண்டுகள் பாதிக்கு மேல் வெளுத்த பிறகு பெரிய துண்டுகளைச் சுற்றி வையுங்கள். கோபுரத்தை உடைத்துப் பரப்புவது கடைசியில்தான். மொத்தம் இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். மீனுக்கு மசாலா தடவி ஊற வைக்கும் நேரமும் அதுவே, அதனால் மூட்டுகிறவரும் தடவுகிறவரும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கலாம்.

அடிக்கடி சுடுகிறவர்கள் ஒரு சிம்னி செய்து வைத்துக்கொள்ளலாம். பெரிய பால் பவுடர் டின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கோத்து, அதற்குக் கீழே சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டால் சிம்னி தயார். கீழே கசக்கிய செய்தித்தாள், மேலே கரி. சூடான காற்று குழாய் வழியாக மேலேற, கீழிருந்து புதுக்காற்று தானே உள்ளே இழுபடும். விசிறியே வேண்டாம். முதல் தடவை கரி மட்டும் போட்டு எரித்து, டின்னின் மேல்பூச்சு கருகித் தீர்ந்த பிறகு சமையலுக்குப் பயன்படுத்துங்கள். பிடிப்பதற்கு நீள இடுக்கி வேண்டும்.

பிடித்தும் நிற்காத கரி

காகிதம் எரிந்து தீர்ந்தும் கரி கறுப்பாகவே இருந்தால் ஈரம், அல்லது துண்டு பெரிது. உடைத்து, தோசைக்கல்லில் போட்டு வாட்டி, மறுபடி மூட்டுங்கள்.

ஓரத்தில் சிவந்து பிறகு அணைந்தால் துண்டுகள் ஒன்றையொன்று தொடவில்லை. தனியாகக் கிடக்கும் கங்கு தன் சூட்டை எல்லாப் பக்கமும் இழக்கிறது. இரண்டு கங்கு நெருங்கி இருந்தால் ஒன்றின் சூட்டை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். இடுக்கியால் கூட்டிக் குவியுங்கள், அதிலேயே பாதி அடுப்புகள் பிழைத்துவிடும்.

படபடவென்று வெடித்துப் பொறி தெறித்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கரியைப் பிளக்கிறது. பிள்ளைகளை விலக்கி நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் அடங்கும். புகை மஞ்சளாக, கண்ணெரிச்சலாக வந்தால் அது வேகாத கரி, அந்தத் துண்டைப் பொறுக்கி வெளியே போடுங்கள்.

அடுப்பில் கரித்தூள் சேர்ந்திருந்தால் காற்று போகாது. சாக்கின் அடியில் இருக்கும் தூளை ஒருபோதும் கவிழ்க்காதீர்கள். சல்லடையில் சலித்துத் துண்டை மட்டும் எடுங்கள்.

நன்றாகக் கனிந்த அடுப்பு மீன் வைத்த பிறகு படுத்துவிடுகிறதா? இது பலருக்கும் புரியாத இடம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சங்கராவை நீர் வடியவிடாமல் நேராக வலையில் வைத்தால் தண்ணீர் கங்கின் மேல் சொட்டுகிறது. வலை முழுக்க மீனை அடுக்கி மூடியும் போட்டுவிட்டால் புகை வெளியேற வழியில்லை. புகை போகாவிட்டால் காற்றும் வராது. மீனைத் துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள், வலையில் கால் பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள், மூடியின் ஓட்டையைத் திறந்தே வையுங்கள். வஞ்சிரத் துண்டு, கொடுவா போன்ற கனமான மீனுக்கு நடுவில் ஒருமுறை கரி சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது பச்சைக் கரியைப் போடாமல் ஓரத்தில் தனியாக மூட்டிய கங்கைச் சேருங்கள்.

எரிக்கக் கூடாதவை

துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த ஊரில் எரியக்கூடிய பொருள் வழியெங்கும் கிடைக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் நிலக்கரி. வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே எண்ணூர் துறைமுகம் திட்டமிடப்பட்டது. 2001இல் தொடங்கி, 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே துறைமுகம். லாரியிலிருந்தும் ரயிலிலிருந்தும் சிந்திய நிலக்கரியைப் பார்த்து “இதுவும் கரிதானே” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மரக்கரியில் எரியக்கூடிய வாயுக்கள் மூட்டத்திலேயே போய்விட்டன. நிலக்கரியில் அவை அப்படியே இருக்கின்றன, கூடவே கந்தகம், தார், பாதரசம், ஆர்சனிக். வீட்டு அடுப்பில் அது லேசில் பற்றாது. பற்றினால் வரும் புகை படிந்த உணவை யாரும் உண்ணக் கூடாது. அளவு குறைவு என்ற சமாதானமும் இங்கே செல்லாது.

அடுத்து பேலட் மரம். கன்டெய்னரில் சரக்கோடு வந்து இறங்கும் மரச்சட்டங்கள் சுள்ளிக்கு அருமையாகத் தோன்றும். அவற்றின் பக்கவாட்டில் கதிர் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றிருந்தால் பூச்சி வராமல் சூடேற்றப்பட்ட மரம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பாய்ச்சப்பட்ட மரம், அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. மரத்திலும் வழியில் எந்த ரசாயனம் சிந்தியது என்று கண்டுபிடிக்க முடியாது. நாரும் கொட்டாங்குச்சியும் இருக்கும்போது அந்தச் சந்தேகம் எதற்கு? பிளைவுட், பெயின்ட் அடித்த கதவுத் துண்டு, பழைய ரயில் கட்டை, படகுப் பலகை எல்லாம் இதே கணக்கு.

பீப்பாயைப் பாதியாக அறுத்து அடுப்பு செய்வது இங்கே வழக்கம். மணலிப் பக்க ஆலைகளிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வரும் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. அதை வெட்டுவதும் ஆபத்து, அதில் சமைப்பதும் ஆபத்து. துத்தநாகம் பூசிய வாளியும் தகரமும் வேண்டாம். சூடேறினால் அதன் புகை குளிர்க்காய்ச்சலைக் கொண்டுவரும்.

இனி அந்தக் கேன். பெட்ரோல் எந்தப் பருவத்திலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தீ குச்சியில் தொடங்கி, ஆவி வழியே ஓடி, கையிலிருக்கும் கேனுக்கு வந்து சேரும். மண்ணெண்ணெய் சாதுவானது என்று எண்ணி, அரைகுறையாகச் சிவந்த கரியின் மேல் ஊற்றுவதுதான் இன்னும் மோசம். சுடர் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம். சூடான கரியில் விழுந்த எண்ணெய் வெள்ளைப் புகையாக எழுந்து அடுப்பைச் சுற்றி நிற்கும், ஒரு பொறி பட்டதும் மொத்தமும் ஒரே நொடியில் பிடிக்கும். குனிந்து ஊதிக்கொண்டிருப்பவரின் முகம் அங்கேதான் இருக்கிறது. சானிடைசர், தின்னர் எல்லாம் இதே வகை. சானிடைசரின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குக்கூடத் தெரியாது. எரிபொருள் தொட்டிகளும் டேங்கர் லாரிகளும் உள்ள பகுதி என்பதால், அவை நிற்கும் தெருவோரத்தில் அடுப்பே மூட்டாதீர்கள்.

மழை தூறினால் அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள், மாடிப்படி மூலைக்கும் வேண்டாம். கனிந்த கரி புகையே இல்லாமல் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொடைக்கானலில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்தது 2024இல் செய்தியாக வந்தது. மழை வந்தால் மீனை உள்ளே எடுத்துத் தோசைக்கல்லில் போடுங்கள். அடுப்பு நனைந்தால் நனையட்டும்.

சமைத்த பிறகு

மிச்சக் கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். சூடான அடுப்பு விரியும், ஆவி கையைச் சுடும், அடுத்த முறைக்கு ஈரக்கரிதான் மிஞ்சும். அடுப்புக்கு மூடி இருந்தால் எல்லா ஓட்டைகளையும் அடைத்து மூடுங்கள். இல்லையென்றால் இடுக்கியால் எடுத்து மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட்டு அடைத்துவிடுங்கள். காற்று இல்லாமல் தானாக அணையும். வெளியே சாம்பலாகத் தெரியும் துண்டு உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். எனவே ஒரு முழு நாள் கழியும்வரை அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைத் தொட்டியிலோ சாக்கிலோ போட வேண்டாம்.

மறுநாள் சாம்பலைச் சலித்தால் கைப்பிடி கைப்பிடியாகப் பாதி எரிந்த கரி கிடைக்கும். ஏற்கெனவே ஒருமுறை கனிந்ததால் அதில் ஈரமும் இல்லை, புகையும் இல்லை, புதுக்கரியைவிடச் சீக்கிரம் பற்றும். அதை வாளியில் தனிப் பையாகக் கட்டி வைத்து, அடுத்த முறை கொட்டாங்குச்சிக்கு நேர் மேலே முதல் அடுக்காகப் போடுங்கள்.